பழைய துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்த சிறுவன்

துப்பாக்கித் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர், ஜான் மோசஸ் பிரவுனிங். அமெரிக்கர். பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. பழுதான துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, கோளாறு எங்கே என்று தேடித் தேடியே அவர் மேதை ஆனார்.

தந்தையின் பட்டறை

பிரவுனிங் 1855ஆம் ஆண்டு ஜனவரி 23ந் தேதி பிறந்தார். ஊர், ஆக்டன். அமெரிக்காவின் மேற்கே யூட்டா பகுதியில் இருக்கிறது.

தந்தை ஜோனாதன், துப்பாக்கிக் கொல்லர். அவருக்கு 3 மனைவிகள், 22 பிள்ளைகள்.

அந்தக் காலத்தில் பிழைப்புத் தேடி மேற்கே போன மக்கள், ஆக்டன் வழியாகப் போவார்கள். துப்பாக்கி இல்லாமல் யாரும் பயணம் போகமாட்டார்கள். துருப் பிடித்தது, விசை முறிந்தது, குழல் அடைத்தது எல்லாம் பழுதுபார்க்க ஜோனாதனின் பட்டறைக்கு வரும்.

பழைய துப்பாக்கி கைக்கு வந்ததும், கொல்லர் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லை என்று கொண்டுவந்தவர் சத்தியம் செய்தாலும் நம்பக்கூடாது.

அதன் பிறகே பிரிக்கலாம். கரிமருந்தின் அழுக்கை வெந்நீர் விட்டுக் கழுவவேண்டும். ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் போடவேண்டும். கொஞ்சம் ஈரம் நின்றாலும் துருப் பிடித்துவிடும்.

இந்தப் பட்டறைதான் ஜானுக்குப் பள்ளிக்கூடம்.

10 வயதில் அவன் கழிவு இரும்புக் குவியலில் கிடந்த ஓர் உடைந்த குழலை எடுத்தான். ஒரு கட்டையைச் செதுக்கி அதனுடன் கட்டினான். துப்பாக்கி தயார்! தம்பி மாத்யூவுடன் போய் காட்டுக் கோழிகளைச் சுட்டு வந்தான். தந்தை கோழிக்கறியைச் சாப்பிட்டார். ஆனால் புகழவில்லை. இந்த வயதில் இதைவிட நன்றாகச் செய்திருக்கலாமே என்றுதான் கேட்டார். சிறுவன் அந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுவிட்டான். இப்படி ஒரு கதை அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது.

8,000 டாலர்

வாலிபன் ஆனதும், ஜான் சொந்தமாக ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்தார். முதிர்ந்த தந்தை அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1879ஆம் ஆண்டு காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

தம்பிமார்களுடன் சேர்ந்து ஜான் தொழில் நடத்தினார். வின்செஸ்டர் என்ற பெரிய கம்பெனியின் அதிகாரி 1883ஆம் ஆண்டு ஆக்டனுக்கே தேடி வந்தார். 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிப் போனார். பட்டறைக்காரரின் பெயர் நாடெங்கும் பரவியது.

புல் சாய்ந்தது ஏன்?

1889ஆம் ஆண்டு. ஒருவர் துப்பாக்கி சுட்டார். குழலின் வாயிலிருந்து வந்த காற்றின் வேகத்தில் எதிரே இருந்த புல் சாய்ந்தது. எல்லாரும் பார்த்த காட்சிதான். பிரவுனிங் மட்டும் யோசித்தார். வீணாகும் இந்தச் சக்தியைப் பிடித்து வேலை வாங்கினால் என்ன?

அந்த யோசனையிலிருந்து தானாக இயங்கும் துப்பாக்கிகள் பிறந்தன. கைத்துப்பாக்கியில் அவர் வேறொரு சக்தியைப் பயன்படுத்தினார். குண்டு முன்னே பாயும்போது பின்பக்கம் ஓர் உதை கிடைக்கிறது அல்லவா? அந்த உதை மேல்மூடியைப் பின்னே தள்ளும். வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். சுருள்வில் மூடியை மறுபடி முன்னே தள்ளும். அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். விசையை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு குண்டு பாயும்.

இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கவேண்டும். அழுக்குச் சேர்ந்தால் மூடி தயங்கும். தோட்டா சிக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் எதிரி முன்னால் நின்றால், துப்பாக்கி வைத்திருப்பவனின் உயிர் போய்விடும்.

6,000 குண்டுகள்

அமெரிக்க ராணுவம் புதிய கைத்துப்பாக்கியைத் தேடியது. பிரவுனிங்கின் துப்பாக்கியில் முதலில் குறைகள் தென்பட்டன. அவர் சோர்ந்துவிடவில்லை. பிரித்தார், குறை கண்ட உறுப்பை மாற்றினார், மறுபடி சுட்டார்.

1911ஆம் ஆண்டு மார்ச்சில் இறுதிச் சோதனை நடந்தது. ஒரே துப்பாக்கியில் 6,000 குண்டுகள் சுடப்பட்டன. நடுநடுவே ஆறவிட்டு, துடைத்து, எண்ணெய் போட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் கம்பெனியின் துப்பாக்கி 37 தடவை தகராறு செய்தது. பிரவுனிங்கின் துப்பாக்கி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை!

அதே மாதம் 29ந் தேதி ராணுவம் அதை ஏற்றது. சிப்பாய் போர்க்களத்தில் எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே அதைப் பிரித்துத் துடைக்கலாம். 1985ஆம் ஆண்டு வேறு துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்படும்வரை, 74 ஆண்டுகள் அதுவே அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

யார் கையில்?

பிரவுனிங்கின் கைத்துப்பாக்கிகளை பெல்ஜியம் நாட்டிலும் ஒரு தொழிற்சாலை செய்தது. அவை உலகெங்கும் போயின. அவை யார் கைக்குப் போகும் என்பது அவர் வசத்தில் இல்லை.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ந் தேதி, மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியம் பிரவுனிங்கால்தான். 1914ஆம் ஆண்டு ஜூன் 28ந் தேதி சாராஜீவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதும் பிரவுனிங்கால்தான். அதைத் தொடர்ந்து மூண்ட முதல் உலகப்போரில் லட்சக்கணக்கான வீடுகளில் அழுகுரல் கேட்டது.

கடைசி வேலை

1926ஆம் ஆண்டு நவம்பர் 26ந் தேதி, பெல்ஜியம் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோது, பிரவுனிங் மாரடைப்பால் இறந்தார். வயது 71. அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன.

அவர் பாதியில் விட்ட ஒரு கைத்துப்பாக்கியை, அந்தத் தொழிற்சாலையின் நிபுணர் சைவ் முடித்தார். 1935ஆம் ஆண்டு அது வெளிவந்தது. அதே மாதிரியில் மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் நம் ராணுவத்துக்காகத் துப்பாக்கி செய்தது.

அமெரிக்காவில் பிரவுனிங்கின் பழைய கைத்துப்பாக்கிகள் இன்றும் கை மாறுகின்றன. வாங்குகிறவர் முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார். பிறகு பிரிக்கிறார்; துடைக்கிறார்; எண்ணெய் போடுகிறார். அப்படியும் சிக்கினால், தோட்டாக் கூட்டின் வாய் வளைந்திருக்கிறதா, சுருள்வில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். ஆக்டன் பட்டறையில் ஒரு சிறுவன் தந்தையிடம் கற்ற பாடமும் இதுதான்.