கன்னங்கராவும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

இலங்கையிற் கல்வி இலவசம் என்பதை இன்றைய மாணவர் காற்றையும் நீரையும் போல இயல்பாகக் கொள்கின்றனர். அதனை ஈட்டித் தந்தவரைப் பற்றி வினவினாற் பெயரும் பட்டமும் சொல்வரேயன்றி மேலொன்றும் சொல்லார். அப்பெரியாரின் வரலாற்றை ஊவாவின் தேயிலை மலைகளில் நின்று நோக்குவோர்க்கு, அவர் செய்த பெருஞ் செயலும் அது எட்டாமற் போன இடமும் ஒருங்கே தெரியும்.

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள், அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பை எனும் சிற்றூரிற் பிறந்தார். அம்பலாங்கொடையில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பாடசாலையில் எழுத்தறிந்த அச்சிறுவனின் கூர்மையைக் கண்டவர், காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபராயிருந்த டரல் பாதிரியார். அவர் தூண்டுதலாற் சிறுவன் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதி றிச்மண்டிற் சேர்ந்தான். பின்னர்க் குடும்பத்தின் வருவாய் குன்றியபோது, அவனை விடுதியில் வைத்துக் காத்தவரும் அப்பாதிரியாரே. அந்தப் புலமைப்பரிசிலும் அந்த விடுதியும் இல்லாதிருந்தால் கன்னங்கராவை நாடு அறிந்திராது. இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் கிடக்கின்றது.

கணிதத்திற் சிறந்து தேறிய அவர் தாம் பயின்ற கல்லூரியிலேயே கணித ஆசிரியரானார். வேறு கல்லூரிகளிலும் கற்பித்த பின், 1910ஆம் ஆண்டிற் சட்டத்தரணியாகிக் காலியிற் தொழில் தொடங்கினார். மறு ஆண்டில் நடந்த படித்த இலங்கையர் தொகுதித் தேர்தலிற் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து உழைத்தார் என்பது தமிழர் மறத்தற்குரியதன்று. 1923இற் சட்ட சபையிற் புகுந்தார். டொனமூர் யாப்பின்படி 1931இல் அரசாங்க சபை அமைந்தபோது நாட்டின் முதலாவது கல்வி மந்திரியாகிப் பதினாறு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். வாத்தியார் ஒருவர் கல்வி மந்திரியானதில் எம்போன்ற ஆசிரியர்க்குச் சற்றே பெருமை உண்டு.

அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் கட்டியோர் பிள்ளைகளே உத்தியோகம் பெற்றனர். சுயபாஷைப் பாடசாலையிற் படித்தோர்க்கு மேலே வழியில்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஆராயக் கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட குழு 1943இல் அறிக்கை அளித்தது. பாலர் வகுப்பு முதற் சர்வகலாசாலை வரை கட்டணமின்மை, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி வழிக் கல்வி என்பன அதன் உயிர்நாடி. 1944இல் அரசாங்க சபையில் இதன்மீது நெடிய விவாதம் நடந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவர் பதவி நீங்கும் முன் அவை ஐம்பதைக் கடந்தன. ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை எழுதித் தேறிய ஏழைச் சிறுவர் அங்கே விடுதியில் உணவும் உறையுளும் பெற்றுப் பயின்றனர். தாம் பெற்ற உதவியை அவர் நாட்டுக்கே சட்டமாக்கிவிட்டார் எனலாம்.

அறிக்கையின் ஒரு பகுதி மட்டும் வேரூன்றவில்லை. மேல் வகுப்பு மாணவரை ஏட்டுக் கல்விக்கும் செய்தொழிற் கல்விக்குமாக வகைபிரித்தனுப்பும் யோசனை அது. பெற்றோர் அதனை விரும்பவில்லை. தச்சுவேலை கற்பது தாழ்வன்று. எவருடைய பிள்ளை தச்சுப் பட்டறைக்கும் எவருடைய பிள்ளை இலத்தீன் வகுப்புக்கும் போகும் என்பதிலேதான் ஐயம் எழுந்தது. அந்த ஐயம் நியாயமானதே.

இவையெல்லாம் நடந்த காலத்திற் பசறை, அப்புத்தளை, நமுனுகுல மலைகளில் நிலை யாது? 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் விட்டிருந்தது. லயத்தின் ஓரத்தில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்ததும் பிள்ளை கொழுந்துக் கூடையோடு மலையேறிவிடும். கன்னங்கரா இதை அறியாதவரல்லர். அவர் காலத்திலேயே, 1947இல் வந்த திருத்தச் சட்டம், உரிமையாளர் கட்டடமும் நிலமும் தர, அரசாங்கமே தோட்டப் பாடசாலையை நடத்துவதற்கு வழி வகுத்தது. ஆனால் அவ்வாண்டுத் தேர்தலில் அவர் மத்துகமையில் தோல்வியுற்றார். அடுத்த ஆண்டிற் பிரசாவுரிமைச் சட்டம் வந்து தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதோர் பாடசாலையைப் பற்றி எந்த மந்திரி கவலைப்படுவார்? திருத்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விலக்கப்பட்டன.

கன்னங்கரா 1952இல் அகலவத்தையில் வென்று, 1956 வரை உள்ளூராட்சி மந்திரியாக இருந்தார். பொருள் சேர்க்காத அவர் முதுமையில் அரசின் உதவிப்பணத்தை நாடும் நிலைக்கு வந்தார். 1969 செப்டெம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1972இல், நாட்டின் பாடவிதானமே மாறியது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை யாவருக்கும் விஞ்ஞானமும் கணிதமும் தொழில்முன்னிலைப் பாடமும் வகுக்கப்பட்டன. புதிய சான்றிதழ்ப் பரீட்சையும் வந்தது. நகரத்து அதிபர்கள் புதிய நூலுக்கும் புதிய ஆசிரியருக்கும் அலைந்தனர். தோட்டத்து அதிபர்க்கு அந்த அலைச்சலும் இல்லை. அவருடைய பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. புதிய பாடவிதானம் தொடங்கும் வகுப்பே அங்கில்லை. ஓராசிரியர், சிற்சில வாங்குகள், கரும்பலகை ஒன்று என்பதே அதன் உடைமை.

பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதற்கொண்டு தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. 1980களில் சுவீடன் நாட்டுதவியாற் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. அதற்குள் 1972இன் பாடவிதானம் கைவிடப்பட்டு, பழைய கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை மீண்டிருந்தது. ஒரு திட்டம் வந்து போனதையே தோட்டப் பிள்ளை அறியவில்லை. 1945இன் சட்டம் தோட்டத்து லயத்தை எட்ட ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் சென்றன. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் சர்வகலாசாலை வரை செல்கின்றனர். எம்மிடம் பயின்றோரிலும் சிலர் உளர். ஆயினும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்கத்தக்க பாடசாலைகள் ஊவாவிற் சிலவே. அவற்றை நாடி மலையிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு நகரில் தங்குமிடம் வேண்டும். றிச்மண்ட் விடுதியிற் கன்னங்கராவுக்குக் கிடைத்தது போன்ற இடம் இங்கே மிகச் சிலருக்கே கிடைக்கின்றது.