பறவைகளைச் சுற்றமாக்கிய பாரதி

நுழையும்முன்

பறவையைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், கண்டு மகிழ்தல் வேறு. உறவாகக் கருதித் தன் உணவைப் பகிர்தல் வேறு. நாட்டு விடுதலையைப் பாடிய பாரதியார், வறுமையிலும் பறவைகளுக்குத் தம் முற்றத்தில் இடமளித்தவர். அந்த அன்பு எங்கிருந்து பிறந்தது? அதற்காக அவருடைய குடும்பம் கொடுத்த விலை என்ன? அவர்தம் வாழ்க்கை வழியே அறிவோம்.

கரிசலில் பிறந்தவர்

வீரபாண்டிய கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்கு வடக்கே, அதே கரிசல் நிலப்பரப்பில் அமைந்த ஊர் எட்டயபுரம். இது வானம் பார்த்த பூமி. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் நிலம். கதிர் முற்றும் பருவத்தில் குருவிகள் கூட்டமாக வந்திறங்கும்; அவற்றை விரட்டக் காவல் இருப்பர். அதே நிலத்தில் கரிச்சான் பறந்து பறந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும். கரிசல் உழவருக்குப் பறவை கதிரில் பங்கு கேட்கும் விருந்தாளி. பயிரைக் காக்கும் துணையும் அதுவே.

இவ்வூரில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டார் அவரைச் சுப்பையா என்று அழைத்தனர். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் அவருடைய கவித்திறம் கண்டு வியந்த புலவர் அவை 'பாரதி' என்னும் பட்டத்தை வழங்கியது. தந்தையார் தொடங்கிய பருத்தி ஆலை நலிவுற்றதால் குடும்பம் பொருளை இழந்தது. 1898இல் தந்தையாரும் மறைந்தார். அன்று பற்றிய வறுமை கவிஞரை இறுதிவரை விடவில்லை.

வானம்பாடியும் சிட்டுக்குருவியும்

காசியில் பயின்று திரும்பி எட்டயபுரம் அரண்மனையில் பணியாற்றிய பாரதியார், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின்பால் பெரும் பற்றுக்கொண்டார். 'ஷெல்லிதாசன்' என்றும் புனைபெயர் சூடினார். ஷெல்லி, கண்ணுக்கெட்டா உயரத்தில் பாடிப் பறக்கும் வானம்பாடியைப் பாடியவர். பாரதியாரோ நம் வீட்டு இறவாணத்தில் வாழும் சிட்டுக்குருவியை ஏறிட்டு நோக்கினார். அதன் சின்னஞ்சிறு உடலமைப்பையும் ஓயாத சுறுசுறுப்பையும் உரைநடையில் தீட்டினார். அதன் ஒலியைக்கூட வெறும் கீச்சொலியாகக் கேளாமல், பற்றுகளைக் கைவிடச் சொல்லும் தமிழ் ஏவற்சொல்லாகவே கேட்டார். கூர்ந்து நோக்கும் கண்ணும் உற்றுக் கேட்கும் செவியும் அன்பின் முதற்படி அல்லவா?

முற்றத்தில் இறைந்த அரிசி

'இந்தியா' இதழின்மீது ஆங்கில அரசின் அடக்குமுறை பாய்ந்தபோது, 1908இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். 1910இல் அவ்விதழும் நின்றது. வருவாய் குன்றியது, ஒற்றர்களின் கண்காணிப்போ குறையவில்லை.

அந்நாள்களில் நிகழ்ந்ததாக அவரோடு பழகியோர் பதிவுசெய்துள்ள நிகழ்ச்சி ஒன்று உண்டு. மனைவி செல்லம்மாள் சமையலுக்கென எடுத்து வைத்திருந்த அரிசியைப் பாரதியார் அள்ளி முற்றத்தில் இறைத்தார். குருவிகள் கூடிக் கொத்தித் தின்பதைக் கண்டு உள்ளம் பூரித்தார். செல்லம்மாளுக்கோ பெருந்திகைப்பு. அடுத்த வேளைக்கு உலையேற்ற வேண்டியவர் அவர். குழந்தைகளின் பசியை அறிந்தவரும் அவரே.

இந்நிகழ்ச்சியைக் கவிஞரின் பெருமையாக மட்டும் படித்தல் முறையன்று. குருவிகளின் பசியைத் தன் பசியாகக் கொண்ட உள்ளம் அரியது. அதன் சுமையைத் தாங்கிக் குடும்பத்தைக் காத்த உள்ளமும் அதற்குக் குறைந்ததன்று. பாரதியார் மறைந்தபின் அவருடைய பாடல்களை அச்சேற்ற முன்னின்றவரும் செல்லம்மாளே.

தோப்பில் கேட்ட குரல்

புதுவையை அடுத்த மாந்தோப்பு பாரதியார் விரும்பிச் சென்ற இடம். அங்குக் கேட்ட குயிலின் குரல் 'குயில் பாட்டு' என்னும் நெடும்பாடலுக்கு வித்தாயிற்று. குயிலைக் கூண்டில் அடைத்து வீட்டிற்குக் கொணர அவர் எண்ணவில்லை. அது வாழும் தோப்பைத் தேடி அவரே சென்றார். குரலினிய குயிலைப் போற்றியவர் கரைகின்ற காக்கையைத் தாழ்த்தவும் இல்லை. 'காக்காய் பார்லிமெண்ட்' என்னும் கதையில் காக்கைகளைக் கூட்டி அரசியல் பேச வைத்தார். 'ஜய பேரிகை' என்னும் பாடலில் காக்கையையும் குருவியையும் தம் இனத்தில் சேர்த்தார். மனிதர்க்குள் உயர்வு தாழ்வு கற்பித்த சொல்லே சாதி. அச்சொல்லை உயிர்களனைத்தையும் அணைக்கும் சொல்லாக மாற்றியது அவருடைய புரட்சி. விடுதலைக்குச் சிட்டுக்குருவியை அவர் உவமையாக்கியதும் இதன் தொடர்ச்சியே.

1918இல் புதுவையை விட்டு வெளியேறியபோது பாரதியார் கைது செய்யப்பட்டார். விடுதலையானபின் கடையத்தில் வாழ்ந்து, 1920இல் சென்னைக்குச் சென்று மீண்டும் 'சுதேசமித்திரன்' பணியில் சேர்ந்தார். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானைக்கு உணவளிக்கச் சென்றபோது அதனால் தாக்குண்டார். அதிலிருந்து மீண்டாரெனினும், நோயுற்று அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 38.

நம் முற்றம்

ஓட்டு வீட்டு இடுக்குகளிலும் கூரையிலும் கூடு கட்டிய சிட்டுக்குருவிக்குக் கான்கிரீட் சுவர்களில் இடமில்லை. வளர்ந்த குருவி தானியம் உண்டாலும், குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே பெரிதும் ஊட்டும். எனவே அரிசி இறைப்பது மட்டும் போதாது. பூச்சிக்கொல்லியின் அளவைக் குறைத்தலும் உள்ளூர்ச் செடிகொடிகளை வளர்த்தலும் வேண்டும். கோடையில் மண்சட்டியில் வைக்கும் நீரை நாள்தோறும் மாற்றுதல் நன்று. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பறக்கும் பறவையைப் பறக்கும்போதே கண்டு மகிழ்வதும், அது மீண்டும் வந்தமர இடம் வைப்பதுமே பாரதியார் நமக்கு விட்டுச் சென்ற உறவுமுறை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணும் பறவைகளை ஒரு வாரம் உற்றுநோக்கி, அவற்றின் வட்டாரப் பெயர், உணவு, கூடு கட்டும் இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.

2. முற்றத்தில் அரிசி இறைந்த நிகழ்ச்சியைச் செல்லம்மாளின் பார்வையில் ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பறையில் படிக்க.