ஐடா ஸ்கடர் அம்மையார்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமீது ஏறிச்செல்வோர் புதூர்நாட்டை அடைவர். சாலை எட்டாத மலையூர்களிலிருந்து கர்ப்பிணிகளை டோலி கட்டித் தோளிற் சுமந்து வந்த செய்திகளை நாம் இக்காலத்திலும் கேட்டிருக்கிறோம். தாயும் வயிற்றுச் சிசுவுமாகிய இரண்டு உயிர்கள் ஒரு மூங்கிலில் தொங்கிவரும் அத்துயரை எண்ணுந்தோறும், இம்மலைக்கு வடக்கே வேலூரில் தொண்டாற்றிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகின்றது.

இவ்வம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மிஷன் வைத்தியர்கள். எனினும், சிறுவயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட அவர் இத்தேசத்தில் வாழ விரும்பினாரல்லர். அமெரிக்காவிற் கல்வி கற்றபின், நோயுற்ற தாயாருக்குத் துணையாக 1890இல் திண்டிவனம் வந்தபோதும், விரைவில் திரும்பிவிடவே எண்ணியிருந்தார்.

அங்கே ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவர் உயர்குல இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். வைத்தியரான தந்தையார் ஆயத்தமாயிருந்தும், அந்நிய ஆடவர் தம் மனைவியரைக் காணலாகாதென்று மூவரும் மறுத்து, வைத்தியம் அறியாத ஐடாவையே வேண்டினர். பொழுது விடிந்தபின் அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. மானத்தைக் காப்பதாகக் கருதிய வழக்கம் உயிரைக் காக்கவில்லை. அவ்விரவே ஐடாவின் வாழ்வைத் திருப்பியது.

அவர் அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார், 1900இல் திரும்பினார். 1902இல் 40 படுக்கைகளுடைய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் எழுந்தது. நோயாளர் வருமளவும் காத்திராமல், குடியாத்தம் சாலையில் வண்டியிற் சென்று மரநிழலிலே வைத்தியம் செய்தார். தாம் ஒருவர் போதாதென்று உணர்ந்து, 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் தொடங்கினார். முதல் வகுப்பினருள் 14 பேர் 1922இல் தேர்ந்து வெளிவந்தனர். அப்பள்ளியே பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1947இல் ஆடவர்க்கும் இடமளித்தது. அம்மையார் 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

கன்னி மரியாள் மலைநாட்டிற்கு விரைந்து சென்று, கருவுற்றிருந்த எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாதம் அளவும் தங்கியதாக லூக்கா எழுதியதை நாம் அறிவோம். அங்கே பிறவாத சிசுவும் மகிழ்ந்து துள்ளியது. கருவிலுள்ள உயிரும் இறைவனுக்குரியதே என்பது இதனால் விளங்கும். ஆனால் மரியாள் மலையேறிச் சென்றதை நாம் மறந்துவிடுகிறோம். சிசுவை மதிப்பதாகச் சொல்லி, அதைச் சுமப்பவளைத் தனியே விடுதல் கிறிஸ்தவமாகாது. தாய்மையைப் புகழ்தல் எளிது. நள்ளிரவில் தாயின் படுக்கையருகே நிற்றலே அரிது.

மணம்புரியாது வாழ்ந்த ஐடா அம்மையார் எண்ணிறந்த பிள்ளைகளை இவ்வுலகிற்கு ஏந்திக் கொடுத்தார். பெண்மையின் பெருமை ஈன்று புறந்தருதலோடு முடிவதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மாணவ மாணவியரே! அன்று திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு இன்று மலையூர்களில் தட்டப்படுகிறது. கல்வி பெற்ற நாம் அவ்வொலியைக் கேட்டும் உறங்குவோமோ?