வெள்ளத்துக்குக் கதவு போட்டவர்

1908 செப்டம்பர் 28. ஹைதராபாத் நகருக்குள் மூசி ஆறு புகுந்தது. ஆற்றோரக் குடியிருப்புகள் அடியோடு போயின. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்பார்கள். அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிய 150 பேர் பிழைத்தது இன்றும் அங்கே பேசப்படுகிறது.

அப்படியொரு வெள்ளம் மறுபடி வராமல் தடுக்க நிஜாம் அரசு அழைத்தவர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா.

கர்நாடகத்தின் முத்தேனஹள்ளியில் 1861-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே பெங்களூரில் படித்தார். புனேயில் பொறியியல் முடித்து, பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

புனே அருகே கடக்வாஸ்லா அணையில் 1903-ல் அவர் பொருத்திய தானியங்கி மதகுகள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அதே அணையில் கூடுதலாகச் சில அடி தண்ணீர் தேங்கும். வெள்ளம் வந்தால் மதகுகள் தாமாகத் திறக்கும். நீர் வடிந்ததும் தாமாக மூடிக்கொள்ளும்.

வேளாண் துறையில் இருக்கும் எனக்கு அவருடைய 'பிளாக்' பாசன முறைதான் இன்னும் பெரிய விஷயம். தக்காணத்துக் கால்வாய்ப் பகுதிகளில் கரும்புக்கே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தலைமடையில் நிலம் ஊறிக் கெட்டது; கடைமடை காய்ந்தது. அவர் ஆயக்கட்டைப் பகுதிகளாகப் பிரித்து, அதிகத் தண்ணீர் கேட்கும் பயிரையும் குறைந்த தண்ணீர்ப் பயிரையும் சுழற்சி முறையில் வைத்தார். தண்ணீர் பல ஊர்களுக்குப் பரவியது.

1909-ல் ஹைதராபாத் வந்தவர் நகரத்தை மட்டும் பார்க்கவில்லை. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஆராய்ந்தார். காரணம் அங்கே இருந்தது. பெருமழையில் 200-க்கும் அதிகமான ஏரிகள் உடைந்திருந்தன. மேல் ஏரி உடைந்த தண்ணீரைக் கீழ் ஏரி தாங்கவில்லை. அதுவும் உடைந்து, எல்லாம் சேர்ந்து ஆற்றில் இறங்கியது. நகருக்கு மேலே இரண்டு அணைகள் கட்டச் சொன்னார். அவைதாம் 1920-ல் முடிந்த உஸ்மான் சாகரும், 1927-ல் முடிந்த ஹிமாயத் சாகரும். வெள்ளத்தைப் பிடித்த அதே நீர்த்தேக்கங்கள் நகரின் தாகத்தையும் தீர்த்தன.

பிறகு மைசூரின் தலைமைப் பொறியாளரானார். சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902 முதல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்துவந்தது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலிந்தது. மழைக்கால நீரைத் தேக்கி வைத்தால் மின்சாரமும் சீராகும், மண்டியாவின் மானாவாரி நிலமும் விளையும் என்று கணக்குப் போட்டார். 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் வேலை தொடங்கியது. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்தார். 1955-ல் பாரத ரத்னா பெற்றார். நூறு வயது கடந்து 1962-ல் மறைந்தார்.

பெரிய அணை கட்டுவது அரசின் வேலை. ஆனால் மூசி கற்றுத்தந்த பாடம் ஏரிப் பாசனம் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் உரியது. நம் ஏரிக்கரை பலமாக இருந்தால் மட்டும் போதாது. மேலே உள்ள ஏரியின் கரையும் கலிங்கும் எப்படி இருக்கின்றன, உபரி நீர் போகும் ஓடை அடைபடாமல் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து நடந்து பார்த்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு பார்ப்பதற்கு நேரம் இருக்காது.