எக்ஸ் கதிர் ஈந்த பெருந்தகை

பாடசாலை விலக்கிவிட்ட மாணவனைப் பின்னர் உலகம் ஆசானாக ஏற்றதுண்டு. வில்ஹெல்ம் கொன்றாட் றொன்ட்ஜனின் வாழ்வு அத்தகையது.

1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி, பிரஷ்யாவின் லென்னெப் நகரில், துணி வணிகர் ஒருவரின் ஒரே மகவாக அவர் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஒல்லாந்திற் குடியேறியது. யூட்ரெக்ட் நகரிற் பயிலுங்கால், ஆசிரியரொருவரைப் பரிகசித்துச் சகமாணவன் தீட்டிய சித்திரத்தின் பழி இவர்மீது வீழ்ந்தது. தோழனைக் காட்டிக்கொடுக்க மறுத்தார், பாடசாலையினின்றும் விலக்கப்பட்டார்.

சான்றிதழில்லாத அவரைச் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்றது. 1869இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆயினும், பழைய சான்றிதழ்க் குறையைக் காட்டி வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்குப் போதனைத் தகுதியை மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1888இல் அவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தது!

1895 நவம்பர் 8ஆந் திகதி மாலை. இருண்ட ஆய்வுகூடத்தில், கரிய அட்டையால் மூடிய வெற்றிடக் குழாயினூடே மின்னைச் செலுத்தினார். அப்பாலிருந்த பேரியம் பிளாற்றினோசயனைட்டுத் திரை ஒளிர்ந்தது. குழாயின் ஒளி வெளியேற வழியில்லை. திரையைத் தீண்டியது யாது? ஏழு வாரங்கள் தனித்திருந்து ஆராய்ந்தார். டிசம்பர் 22ஆந் திகதி மனைவி பேர்த்தாவின் கையைப் படம்பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதிற் கருநிழலாய்த் தெரிந்தன.

நிகழ்ந்தது இதுவே. விரையும் இலத்திரன்கள் குழாயின் சுவரில் மோதித் தடைப்படும்போது, அவற்றின் சக்தியிற் பெரும்பங்கு வெப்பமாகும், சிறுபங்கே கதிராகும். தசையிலுள்ள காபன், ஒட்சிசன் முதலிய இலேசான அணுக்கள் அக்கதிருக்குப் பெரிதும் வழிவிடும். எலும்பிலுள்ள கல்சியத்தின் அணுவெண் 20. கதிரை விழுங்குந் திறன் ஏறத்தாழ அணுவெண்ணின் மூன்றாம் அடுக்கையொட்டி உயர்வதால், எலும்பு நிழல் வீழ்த்துகிறது. 1971இல் நோயாளர்க்கு முதன்முதற் பயன்பட்ட கணினி வெட்டுப்படமும், பல கோணங்களில் எடுத்த இத்தகைய நிழல்களைக் கணித்து இணைப்பதேயாம்.

1896 ஜனவரியில் உடற்கூற்றறிஞர் கோலிக்கர், கதிருக்குக் கண்டவர் பெயரையே சூட்ட வேண்டினார். றொன்ட்ஜனோ, அறியாததைக் குறிக்கும் எக்ஸ் என்ற எழுத்தையே கைக்கொண்டார். ஆக்கவுரிமைப் பத்திரமும் நாடவில்லை. அதனால் எவரும் குழாய் செய்யலாம் என்றாயிற்று. சில வாரங்களுள் வைத்தியர்கள் முறிந்த எலும்பையும் உடலிற் புதைந்த குண்டையும் கண்டறியத் தொடங்கினர். 1901இல் பௌதிகத்துக்கான முதல் நோபெல் பரிசு அவரைச் சேர்ந்தது. அப்பணத்தையும், ஒருகால் தம்மை மறுத்த வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார்.

1919இல் மனைவி மறைந்தார். போருக்குப் பின்வந்த பணவீக்கம் சேமிப்பைக் கரைத்தது. 1923 பெப்ரவரி 10ஆந் திகதி, குடற்புற்றுநோயால் மியூனிக் நகரில் உயிர் நீத்தார். இளமையில் ஒரு சான்றிதழை இழந்தும் தோழனைக் காத்தவர், முதுமையிற் செல்வத்தை இழந்தும் தம் கொடையைத் திரும்பக் கேட்டாரல்லர்.