ராபர்ட் சானக்

ராபர்ட் மெரிட் சானக் (சூலை 8, 1924 – சூலை 30, 2010) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் தீநுண்மியியல் (வைரசு இயல்) அறிஞரும் ஆவார். கைக்குழந்தைகளின் மூச்சுப்பாதையைக் கடுமையாகத் தாக்கும் ஆர்.எஸ்.வி எனப்படும் சுவாச சின்சிட்டியல் தீநுண்மியை முதன்முதலில் குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்தவர் இவரே. மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, எந்த நோய்க்கு எந்தத் தீநுண்மி காரணம் என்று வகைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராகவும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

சானக் இலினொய் மாநிலத்தின் சிகாகோ நகரில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1947இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்று, சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையின் ஆய்வு நிறுவனத்தில் ஆல்பர்ட் சேபினிடம் ஆய்வு செய்தார். வாய்வழி இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தை உருவாக்கியவர் சேபின். உயிரணு வளர்ப்பில் தீநுண்மிகளைப் பெருக்கி அடையாளம் காணும் முறையைச் சானக் அங்கு கற்றார்.

அக்காலத்தில் சளிக்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு நோயின் காரணம் அறியப்படவில்லை. பாக்டீரியா எதுவும் அகப்படாதபோது காரணம் ஒரு தீநுண்மியாக இருக்கலாம் என்று ஊகிக்க மட்டுமே முடிந்தது. நாய் குரைப்பது போன்ற இருமலுடன் வரும் குரூப் என்ற குரல்வளை அழற்சி கண்ட குழந்தைகளிடமிருந்து சானக் ஒரு புதிய தீநுண்மியைப் பிரித்து, 1956இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இது பின்னாளில் பாராஇன்ஃப்ளூயன்சா தீநுண்மி வகை 2 எனப் பெயர் பெற்றது.

ஆர்.எஸ்.வி கண்டுபிடிப்பு

1956இல் அமெரிக்க இராணுவ ஆய்வகம் ஒன்றில் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடமிருந்து மோரிசு குழுவினர் ஒரு தீநுண்மியைப் பிரித்திருந்தனர். இது சிம்பன்சிச் சளித் தீநுண்மி என அழைக்கப்பட்டது. அப்போது சானக் பால்ட்டிமோரில் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கீழ் மூச்சுப்பாதை நோய் கண்ட இரு குழந்தைகளிடமிருந்து தாம் பிரித்த தீநுண்மியும் சிம்பன்சித் தீநுண்மியும் வேறுபடுத்த முடியாதவை என அவரும் அவருடைய குழுவினரும் 1957இல் காட்டினர்.

தொடர்ந்து குழந்தைகளின் குருதியைச் சோதித்தபோது, பள்ளிப் பருவத்தை எட்டும் முன்பே பெரும்பாலோர் இத்தீநுண்மிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைப் பெற்றிருந்தது தெரியவந்தது. எனவே இது குரங்குகளின் நோய் அன்று, மனிதக் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் தொற்று என்பது உறுதியாயிற்று. இத்தீநுண்மி தாக்கிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்களைக் கொண்ட பெரிய திரளாக மாறும். இத்திரளுக்குச் சின்சிட்டியம் என்று பெயர். தீநுண்மியின் பெயர் இதிலிருந்து வந்தது.

மருத்துவமனைக் கண்காணிப்பு

சானக் 1957இல் பெதசுடாவில் உள்ள தேசிய ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய்கள் நிறுவனத்தில் சேர்ந்தார். அதனை அடுத்துள்ள வாசிங்டன் சிறுவர் மருத்துவமனையில் இராபர்ட் பாரட்டு என்ற குழந்தை மருத்துவருடன் இணைந்து நீண்டகாலக் கண்காணிப்பைத் தொடங்கினார்.

ஒரு நோயாளிக் குழந்தையின் தொண்டையில் ஒரு தீநுண்மி இருப்பதால் மட்டும் அதுவே நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. நலமாக உள்ள குழந்தைகளிடமும் சில தீநுண்மிகள் இருக்கும். ஆகவே மூச்சுப்பாதை நோய் கொண்டவர்களிடமும், வேறு காரணங்களுக்காக வந்தவர்களிடமும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, இரு பிரிவுகளின் முடிவுகளும் ஒப்பிடப்பட்டன. நோயின் தொடக்கத்திலும் சில வாரங்கள் கழித்தும் குருதி எடுத்து, பிறபொருளெதிரியின் அளவு உயர்ந்துள்ளதா என்றும் பார்க்கப்பட்டது. உறைய வைத்தால் ஆர்.எஸ்.வி எளிதில் வீரியம் இழந்துவிடும் என்பதால் மாதிரிகளைத் தாமதமின்றி உயிரணு வளர்ப்பில் சேர்க்க வேண்டியிருந்தது.

இக்கண்காணிப்பின் வழியே 1958இல் மேலும் இரு பாராஇன்ஃப்ளூயன்சா வகைகள் அறியப்பட்டன. நுண்மூச்சுக்குழல் அழற்சிக்கும் கைக்குழந்தைகளின் நுரையீரல் அழற்சிக்கும் (நிமோனியா) ஆர்.எஸ்.வி முதன்மையான காரணம் என்பதும், வாசிங்டனில் அது ஆண்டுதோறும் குளிர்காலத்தையொட்டிப் பெருகுகிறது என்பதும் தெளிவாயின.

தடுப்பூசித் தோல்வி

1960களில் தீநுண்மியைப் பார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்து ஆர்.எஸ்.வி தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியும் பார்மலின் கொண்டே தயாரிக்கப்பட்டு வெற்றி பெற்றிருந்தது. வாசிங்டன் ஆய்வில் 31 கைக்குழந்தைகளுக்கு இப்புதிய ஊசி போடப்பட்டது. பின்னர் ஆர்.எஸ்.வி பரவியபோது அவர்களுள் 20 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அந்த 20 பேரில் 16 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். ஒப்பீட்டுக்காக வேறொரு தடுப்பூசி பெற்ற குழந்தைகளுள் ஆர்.எஸ்.வி தொற்றியவர்களில் சுமார் 5 விழுக்காட்டினர் மட்டுமே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. தடுப்பூசி காப்பளிக்கவில்லை என்பதோடு, நோயை மேலும் கடுமையாக்கியது.

நோயின் காரணத்தைக் கண்டறிய அமைக்கப்பட்ட அதே கண்காணிப்பு முறையே இத்தீங்கையும் வெளிப்படுத்தியது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதிருந்தால், அவ்வாண்டு நோய் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது என்று கருதி விட்டுவிட வாய்ப்பு இருந்தது. சானக்கும் அவருடைய குழுவினரும் இம்முடிவுகளை மறைக்காமல் 1969இல் விரிவாக வெளியிட்டனர். ஆர்.எஸ்.வி தடுப்பூசி ஆய்வுகள் இதன்பின் பல பத்தாண்டுகள் மிகுந்த எச்சரிக்கையுடனேயே நடைபெற்றன.

பிற ஆய்வுகள்

இயல்பு மாறிய நுரையீரல் அழற்சிக்குக் காரணமாகத் தீநுண்மி எனக் கருதப்பட்டு வந்த ஒரு நுண்ணுயிரை, சானக், எய்ஃபிளிக்கு, பரிலே ஆகியோர் 1962இல் செயற்கை ஊடகத்தில் வளர்த்தனர். அது தீநுண்மி அன்று, மைக்கோபிளாசுமா என்னும் மிகச்சிறிய பாக்டீரியா வகை என நிறுவப்பட்டது. இதனால் அந்நோய்க்குத் தகுந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தேர்ந்தெடுக்க வழி ஏற்பட்டது.

1968 முதல் 2001 வரை சானக் தம் நிறுவனத்தின் தொற்றுநோய் ஆய்வகத்திற்குத் தலைவராக இருந்தார். நார்வாக்குத் தீநுண்மியை ஆல்பர்ட் கபிக்கியன் 1972இல் அடையாளம் கண்டதும், கல்லீரல் அழற்சி ஏ தீநுண்மி 1973இல் மின்னணு நுண்ணோக்கியில் காணப்பட்டதும் இவ்வாய்வகத்தில்தான். சானக் 1973இல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1970களின் இறுதியில் கிரெகரி பிரின்சுடன் சேர்ந்து, பருத்தி எலிகளில் ஆர்.எஸ்.வி நோயை ஆராயும் முறையை உருவாக்கினார். பிறபொருளெதிரிகளை நேரடியாகச் செலுத்தினால் நுரையீரலைக் காக்க முடியும் என்பது இவ்வெலிகளில் தெரியவந்தது. இவ்வழியில் வந்த பாலிவிசுமாப் என்ற மருந்து, குறைமாதக் குழந்தைகள் உள்ளிட்ட இடர் மிகுந்த குழந்தைகளுக்காக 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

தமிழ்நாட்டில்

சானக்கின் ஆய்வுகள் குளிர்காலம் தெளிவாக உள்ள நாட்டில் நடந்தவை. வெப்ப நாடுகளிலும் இதே தீநுண்மிதான் முதன்மையானதா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து, தம் முடிவுகளை 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அங்கு நுண்மூச்சுக்குழல் அழற்சியுடன் வந்த குழந்தைகளிடமும் ஆர்.எஸ்.வியே மிகுதியாகக் காணப்பட்டது.

மறைவும் அதற்குப் பின்னும்

சானக் 2010, சூலை 30 அன்று மேரிலாந்து மாநிலத்தின் சைக்கசுவில்லில் தமது 86ஆம் அகவையில் காலமானார். அப்போது ஆர்.எஸ்.விக்குத் தடுப்பூசி எதுவும் இல்லை.

தீநுண்மி உயிரணுவுடன் இணையப் பயன்படுத்தும் எஃப் புரதம், இணைவதற்கு முன் ஒரு வடிவிலும் இணைந்தபின் வேறொரு வடிவிலும் இருக்கும். 2013இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இதன் முன்வடிவத்தைக் கண்டறிந்தனர். பார்மலின் ஊட்டிய பழைய தடுப்பூசியில் இம்முன்வடிவம் நிலைத்திருக்கவில்லை என்பதும், அதனால் காக்கும் திறனுள்ள பிறபொருளெதிரிகள் போதிய அளவு உருவாகவில்லை என்பதும் பின்னர் விளங்கின. முன்வடிவத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட தடுப்பூசிகள் முதியோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் 2023இல் ஒப்புதல் பெற்றன. தாய்க்குப் போடப்படும் ஊசியால் உருவாகும் பிறபொருளெதிரி, கருவிலுள்ள குழந்தைக்குச் சென்று பிறந்தபின் முதல் சில மாதங்களுக்குக் காப்பளிக்கிறது.

2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஆர்.எஸ்.வி தொடர்பான நோயால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விறப்புகளில் பெரும்பாலானவை குறைந்த, நடுத்தர வருவாய் உள்ள நாடுகளில் நிகழ்ந்தவை.