பெயர் தெரியாத நோயும் பேரறிஞர் டார்வினும்

சார்லஸ் டார்வினை அறியாத விஞ்ஞான மாணவர் நம்மிடையே இலர். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியவர், உயிரினங்களின் தோற்றம் பற்றி நூல் எழுதியவர், நீண்ட வெண்தாடிக் கிழவர் என்ற அளவில் அவரை எல்லோரும் அறிவோம். ஆனால் கப்பலை விட்டு இறங்கிய பின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் நோயாளியாகவே கழித்தார் என்பதையும், இங்கிலாந்தின் பெரிய டாக்டர்கள் பலர் பார்த்தும் அந்நோய் இன்னதென்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1809 பிப்ரவரி 12-ஆம் நாள் ஷ்ரூஸ்பரி நகரில் டார்வின் பிறந்தார். வைத்தியக் குடும்பம். பாட்டனார் எராஸ்மஸ் டார்வினும், தந்தை ராபர்ட் டார்வினும் பெயர் பெற்ற மருத்துவர்கள். மகனும் அவ்வழியே செல்லட்டும் என்று 1825-இல் எடின்பரோவுக்கு அனுப்பினார் தந்தை. மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைக் காணப் பொறாமல் பாதியில் ஓடி வந்தார் டார்வின். மருத்துவப் படிப்பும் அதோடு போயிற்று எனலாம். பின்னாளில் எத்தனை டாக்டர்களின் வாசலில் நிற்கப் போகிறோம் என்பதை அந்த இளைஞர் அறிந்திருக்க மாட்டார்.

1831-ஆம் ஆண்டின் இறுதியில், பிளிமத் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தபோதே அவருக்கு நெஞ்சில் வலியும் படபடப்பும் உண்டாயின. இருதய நோய் என்றே அஞ்சினார். ஆயினும் எந்த டாக்டரிடமும் செல்லவில்லை. போகாதே என்று தடுத்துவிட்டால் பயணம் கெட்டுவிடுமே! அந்த அச்சத்தை நெஞ்சிலே வைத்துக்கொண்டுதான் டிசம்பர் 27-இல் கப்பலேறினார். வழியில் 1834-இல் சிலி நாட்டின் வல்பரைசோவில் பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவில், மெண்டோசாவுக்கு அருகே, பெஞ்சூக்கா என்னும் இரத்தம் உறிஞ்சும் பெரிய கரிய பூச்சி இரவில் அவரைக் கடித்தது. இப்பூச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1836 அக்டோபரில் நாடு திரும்பினார். 1839-இல் எம்மா வெட்ஜ்வுட் என்னும் மங்கையை மணந்தார். எம்மா அவருடைய தாய்மாமன் மகள்! நம் ஊர் வழக்கப்படி முறைப்பெண் என்றே சொல்லலாம். 1842-இல் லண்டனின் புகையை விட்டு, கெண்ட் மாவட்டத்து டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினர்.

அவரைப் பிடித்த துன்பத்தை என்னென்பது? உண்ட சில மணி நேரத்தில் வயிறு பொருமும், வாந்தி வரும். தலைசுற்றல், நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தோலில் கரப்பான், கொப்புளம், எழுந்திருக்க முடியாத சோர்வு. நண்பர்களோடு அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசினால் இரவெல்லாம் உறக்கமின்றி வாந்தியெடுப்பார். இதில் கொடுமை என்னவென்றால், பார்ப்பவர்க்கு அவர் நல்ல நிறத்தோடும் உடற்கட்டோடும் தோன்றினார். உனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறாய் என்பார்கள்; பாசாங்கு செய்வதாகச் சிலர் எண்ணுகிறார்கள் என்று அவரே நண்பருக்கு எழுதி வருந்தியிருக்கிறார்.

வீட்டை விட்டு வெகு தொலைவு வந்து விடுதியில் வாழும் நம்மில் சிலர் இதனை எளிதில் உணர்வர். வயிற்று வலி என்று போனால் ஒரு டாக்டர் அமீபா என்பார்; அடுத்தவர் அல்சர் என்பார்; மூன்றாமவர் பரீட்சைப் பயம் என்று சிரித்து அனுப்பி வைப்பார். டார்வின் கதையும் அஃதே. உறவினரான டாக்டர் ஹாலந்து, வெளிப்படாத கவுட் வாத நோயைப் போன்றது என்றார். மற்றவர்கள் பிஸ்மத் தந்தனர். வினிகரில் நனைத்த பித்தளைத் துத்தநாகக் கம்பிச் சங்கிலியை உடம்பில் சுற்றி மின்சாரம் பாய்ச்சியும் பார்த்தார் டார்வின்.

1848-இல் தந்தை இறந்தபோது, உடல்நிலை காரணமாக இறுதிச் சடங்குக்கும் உரிய நேரத்தில் போய்ச் சேர அவரால் இயலவில்லை. மறு ஆண்டு குடும்பத்தோடு மால்வெர்ன் சென்று, டாக்டர் கல்லி என்பவரின் நீர்ச் சிகிச்சையில் சேர்ந்தார். ஸ்பிரிட் விளக்கின் சூட்டில் வியர்க்க வைத்து, பின் குளிர்ந்த ஈரத்துணியால் தேய்ப்பர். வயிற்றில் நாள் முழுதும் ஈரத்துணி. சர்க்கரை, வெண்ணெய், மசாலை எதுவும் கூடாது. கல்லி ஹோமியோபதியையும் நம்பினார், ஞானதிருஷ்டியையும் நம்பினார்! அவர் கொடுத்த மாத்திரைகளை டார்வின் நம்பிக்கை சிறிதுமின்றி விழுங்கினார். ஆனால் உடம்பு தேறியது. வீடு திரும்பியதும் தோட்டத்திலேயே குளிர்நீர்த் தொட்டி கட்டிக்கொண்டார்.

இங்கேதான் விஞ்ஞானியைக் காண்கிறோம். 1849 ஜூலை முதல் 1855 ஜனவரி வரை, பகல் எப்படி, இரவு எப்படி, பொருமல் எத்தனை முறை, வாந்தி உண்டா என்று நாள்தோறும் குறித்து வைத்தார். மிக நன்றாயிருந்த நாளுக்கு இரட்டைக் கோடு. மாத முடிவில் கோடுகளை எண்ணுவார். நம் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள் கூட இத்தனை ஒழுங்காயிருப்பதில்லை. ஐந்தரை ஆண்டு எண்ணியும் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அந்த நாட்களுக்கு இடையேதான் பேரிடி விழுந்தது. பத்து வயது மகள் ஆனி நோயுற்றாள். தன் வயிற்றுக் கோளாறே குழந்தைக்கும் வந்துவிட்டதோ என்று தந்தை நடுங்கினார். தமக்குக் குணம் தந்த கல்லியிடமே அவளைக் கொண்டு சேர்த்தார். எம்மா நிறைகர்ப்பிணியாய் வீட்டில் இருக்க, டார்வின் கட்டிலருகே இரவும் பகலும் விழித்திருந்தார். 1851 ஏப்ரல் 23-இல் ஆனி இறந்தாள். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் மால்வெர்னில் அவர் சிகிச்சைக்குத் தங்கவில்லை. வேறு ஊர்களின் நீர்ச் சிகிச்சை நிலையங்களையே நாடினார்.

இத்தனைக்கும் நடுவே வேலை நடந்தது. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை. பிறகு பத்தரை முதல் பன்னிரண்டு வரை. மாலையில் ஒரு மணி நேரம். அவ்வளவே. மற்ற நேரம் நடை, ஓய்வு, கடிதம், எம்மா படிக்கக் கேட்கும் நாவல். இரவில் இருவரும் பகடை உருட்டி பாக்கமன் ஆடுவர். 1876-ஆம் ஆண்டுக் கணக்கு: அவர் வென்றவை 2,795, எம்மா வென்றவை 2,490. இந்த மனிதர் எதைத்தான் எண்ணாமல் விட்டார்!

கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை எட்டாண்டுகள் ஆராய்ந்தார். அதில் இரண்டாண்டுகள் நோயில் போயின என்று அவரே கணக்குச் சொன்னார். 1859 நவம்பரில் புகழ்பெற்ற நூல் வெளிவந்த அன்று அவர் இல்க்லியில் நீர்ச் சிகிச்சையில் இருந்தார். 1860-இல் ஆக்ஸ்போர்டில் ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்போர்ஸும் மோதிய நாளில் ரிச்மண்டில் மற்றொரு சிகிச்சை நிலையத்தில் இருந்தார்.

1863-இல் நோய் முற்றியது. பல மாதங்கள் ஓயாத வாந்தி. மீண்டும் மால்வெர்ன் சென்றார்; பயனில்லை. டாக்டர் ஜென்னர் சுண்ணாம்பும் மக்னீஷியாவும் ஏராளமாகக் கொடுத்தார். 1865-இல் டாக்டர் சாப்மன், முதுகெலும்பின் மேல் பனிக்கட்டிப் பைகளை நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் வைக்கச் சொன்னார். சில வாரங்களில் அதையும் கைவிட்டனர். பிறகு பென்ஸ் ஜோன்ஸ் அரைப் பட்டினி போட்டு, குதிரைச் சவாரியும் விதித்தார். சற்றுத் தேறி 1866-இல் ராயல் சொஸைட்டி விருந்துக்குச் சென்றபோது, பழைய நண்பர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. நாம் படத்தில் காணும் தாடி இந்த நோய்க் காலத்தில் வளர்ந்ததே!

நெருங்கிய உறவில் மணந்ததால் பிள்ளைகள் நலிந்தனரோ என்ற ஐயமும் அவரை விடவில்லை. பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே மாண்டனர். 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இத்தகைய மணங்களைப் பற்றிய கேள்வியும் இருக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் முயன்றார், மன்றம் மறுத்துவிட்டது.

கடைசிப் பத்தாண்டில் வாந்தி தானாகவே தணிந்தது. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. 1881-இல் மண்புழுக்களைப் பற்றிய நூலை வெளியிட்டு, 1882 ஏப்ரல் 19-இல் இருதய நோயால் காலமானார்.

டாக்டர்கள் அவரை இன்னும் விட்டபாடில்லை. 1959-இல் சால் அட்லர், முன்பு சொன்ன பெஞ்சூக்கா பூச்சியால் பரவும் சாகாஸ் நோய் என்றார். அந்நோயையே 1909-இல்தான் உலகம் அறிந்தது. டார்வினைப் பார்த்தவர் எவரும் அதைக் கண்டிருக்க முடியாது. மனக்கலக்கம் என்றனர் சிலர். மருந்தில் இருந்த ஆர்செனிக் பாஷாணம் என்றனர் வேறு சிலர். 2005-இல் பால் செரிக்காத கோளாறு என்று இருவர் எழுதினர். பூச்சியின் மேல் பழி போடுவது எளிதாகத் தோன்றினும், பிளிமத்தில் அவர் மார்பு படபடத்தபோது பூச்சி கடிக்க இன்னும் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தன.